பழுப்புப் பசை

ஜெபமாலையைக் கணவரின் விரல்களுக்கிடையில் சுற்றப்போன சூசைமேரி பழக்கதோஷத்தில் ஒரு நொடி நிதானித்தாள், கை ஆட்டம் நிற்கட்டும் என்று. பிறகுதான் உறைத்தது. சின்னப்பராஜின் வலது கை சவப்பெட்டிக்குள் அசையாமல் கிடந்தது. இரண்டு வருடமாக டீ டம்ளரைக்கூடச் சிந்தாமல் பிடிக்கத் தெரியாத கை, ஊரே வந்து பார்க்கிற நாளில் ஒழுங்காக இருந்தது. அவளுக்கு அதன்மேல் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

நேற்றுக் காலை பல் விளக்கிவிட்டு வந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆட்டோ ஆஸ்பத்திரி வாசலை எட்டுவதற்குள் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு அவள் படுக்கவில்லை. பெங்களூரிலிருந்து வந்த மகள் ஃபெமினா அழுது அழுது உள்ளறையில் தூங்கிப்போயிருந்தாள். அவளாவது தூங்கட்டும் என்று சூசைமேரி விட்டுவிட்டாள். அடக்க ஜெபத்துக்குச் சாமியார் பதினோரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். மணி பத்து ஆகவில்லை.

வாசலில் பந்தலுக்கடியில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் மெக்கானிக்குகள் உட்கார்ந்திருந்தார்கள். கோவையில் பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி வைத்திருப்பவன் எவனும் மெக்கானிக் சின்னப்பராஜைத் தெரியாமல் இருக்க முடியாது. அதனால் கூட்டம் இருந்தது. நடுவில் அவர் தம்பி வின்ஸ்டன். சிங்காநல்லூரில் வண்டி தூக்கும் லிஃப்ட் நான்கு போட்ட பெரிய மெக்கானிக் கடை அவனுடையது. அவன் குரல் ஜன்னல் வழியாக நேராக உள்ளே வந்தது.

“அண்ணனுக்குக் கை போயிருச்சுங்க. கடேசியாப் பூட்டுன இஞ்சினு பல்லடம் ரோட்டுல போறப்ப பிடிச்சுக்கிட்டு நின்னுபோச்சு. உட்டுட்டு ஊட்ல இருங்கன்னேன். கேட்டாத்தானுங்க.”

யாரோ உச்சுக்கொட்டினார்கள். நல்ல கைங்க அது ஒரு காலத்துல என்றார் இன்னொருவர். ஒரு காலத்துல என்ற சொல் சூசைமேரிக்குச் சுருக்கென்று தைத்தது. முப்பத்தைந்து வருடம் வேலை செய்த மனிதனை, பெட்டி மூடுவதற்குள் ஒரே இஞ்சினில் அடக்கிவிட்டார்கள்.

அந்த இஞ்சினைக் கெடுத்தது அவர் இல்லை. அவள்.

கை ஆட ஆரம்பித்தபோது அவர் அழுததை அவள் மட்டும்தான் பார்த்தாள். ஸ்பேனர் பிடிக்கலாம், போல்ட் முடுக்கலாம். ஆனால் இஞ்சினின் அடிக்கூடான கிராங்க் கேஸின் இரண்டு பாதிகளையும் சேர்க்குமுன் விளிம்பில் பசை பூசுவது அந்தக் கையால் முடியவில்லை. மயிரிழை கனத்துக்கு, எங்கும் விட்டுப்போகாமல், உள்ளே வழியாமல் பூச வேண்டும். சூசைமேரி பீளமேட்டில் ஒரு மோட்டார் கம்பெனியில் பத்தொன்பது வருடம் செம்புக்கம்பிக் காயில் சுற்றியவள். அவள் விரல்களுக்கு அது பெரிய வேலையாகத் தெரியவில்லை. அன்றிலிருந்து கேஸை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். சமையல்மேடையில் செய்தித்தாள் விரித்து அவள் பூசுவாள். யாருக்கும் சொல்லாதே மேரி என்று சிலுவை போடச் சொன்னார். போட்டாள்.

பூசியவுடன் மூடக்கூடாது. தொட்டால் விரலில் லேசாக ஒட்டுகிற பதம் வர வேண்டும். அதற்கு அவர் கடிகாரம் பார்ப்பதில்லை. அடுப்படிச் சுவர் ஆணியிலிருந்து ஜெபமாலையை எடுப்பார். ஒரு பரலோக மந்திரம், பத்து மங்கள மந்திரம். முதல் பாதியை அவர் சொல்ல, மறுபாதியை அவள் சொல்ல வேண்டும். முடிந்தால் பதம் சரி.

சென்ற மாதம் சாய்கிருஷ்ணாவின் வண்டி வந்தது. மில்காரர் வீட்டுப் பிள்ளை. இறந்துபோன அப்பாவின் வண்டியை ஓட்டியே தீர வேண்டும் என்று ஆசை. அன்றைக்குப் பார்த்து, எப்போதும் பூசுகிற பழுப்புப் பசை டப்பாவில் தீர்ந்திருந்தது. அவர் காய்ச்சல் மாத்திரை போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். கிறிஸ்துமஸுக்கு வந்தபோது வின்ஸ்டன் கொடுத்துவிட்டுப் போன சாம்பல் நிற சிலிகான் ட்யூப் அலமாரியில் இருந்தது. இப்ப எல்லா வண்டிக்கும் இதுதானுங்க அண்ணி என்று அவன் பெருமையடித்தது நினைவிருந்தது. எழுப்ப மனமில்லாமல் அதையே பூசி மூடிவைத்தாள். வேலை அழகாகத்தான் இருந்தது.

இஞ்சின் பல்லடம் ரோட்டில் நின்றுபோன மறுநாள், அவர் வேறு ஏதோ வண்டி விஷயமாகப் போனில் எவனையோ திட்டுவதைக் கேட்டாள். டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோல் கேஸுக்குள்ளேயே போய்வருகிறது, சிலிகான் அதில் ஊறிப் பொங்கிவிடும், காற்று கசிந்து பிஸ்டன் சூடேறி இறுகிப் பிடித்துக்கொள்ளும், இதுகூடத் தெரியாதா என்று. அடுப்படியில் நின்றிருந்தவள் அந்தச் சாம்பல் ட்யூபை எடுத்து அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்தாள்.

அவரோ அந்த இஞ்சினைத் திறக்கவே பயந்தார். கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டார். “ஒட்டுனது நீயி, அதுல குத்தம் வராது மேரி. நாந்தான் எங்கியோ உட்டுப்போட்டேன்” என்றார். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று பன்னிரண்டு நாள் ஓடியது.

சாய்கிருஷ்ணா மாலையோடு வந்தான். அதைப் பெட்டியில் வைத்துவிட்டு அவளிடம் வந்து தலை குனிந்தான். இந்த நேரத்தில் கேட்கக்கூடாதுதான், தாராபுரத்தில் ஒரு மெக்கானிக் பார்க்கிறேன் என்றிருக்கிறார், நாளைக் காலையில் ஆளனுப்பி இஞ்சினை எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டான். நல்ல பையன். அவனைக் குறை சொல்ல முடியாது.

தாராபுரத்துக்காரர் கேஸைப் பிளந்தவுடன் சாம்பல் சிலிகானைப் பார்ப்பார். சின்னப்பராஜ் டூ ஸ்ட்ரோக்குக்கு சிலிகான் போட்டார் என்று ஒரு வாரத்தில் ஈரோடு வரைக்கும் சிரிப்பார்கள். உண்மையைச் சொன்னால் தவறு அவர்மேலிருந்து போகும். ஆனால் அவர் மறைக்கச் சொன்ன கை வெளியே வந்துவிடும். எதைச் சொன்னாலும் அவருக்குத் துரோகம். அவளுக்குத் துக்கத்தைவிட வெட்கம் அதிகமாக இருந்தது. யோசிக்கக்கூடத் தெம்பில்லை.

வின்ஸ்டனை அடுப்படிக்குக் கூப்பிட்டாள்.

“அந்த இஞ்சினை ஒட்டுனது நானு.”

அவன் புரியாமல் பார்த்தான்.

“ரெண்டு வருசமா அவருக்குக் கை ஆடும். ஒட்டறதெல்லாம் நாந்தான். அன்னைக்குப் பழுப்பு தீந்துபோச்சு. நீ குடுத்த சிலிகானைப் போட்டுப்போட்டேன்.”

“டூ ஸ்ட்ரோக்குக்குங்களா?”

“தெரியாதுப்பா.”

அவன் சமையல்மேடையைப் பார்த்தான். அவள் விரல்களைப் பார்த்தான். எத்தனை இஞ்சின் என்று கேட்டான். முப்பத்தொன்று என்றாள். இதை மட்டும் அண்ணன்தான் ஒட்ட வேண்டும், வேறு எவன் கைக்கும் வராது என்று அவனே தன் கடையிலிருந்து அனுப்பிய மூன்றும் அதில் உண்டா என்று கேட்டான். அதுவும்தான் என்றாள். அவன் முகம் எப்படியோ ஆகிவிட்டது.

“தப்பு என்னுதுன்னு சொல்லிப்போடு. கை ஆடுனத மட்டும் சொல்லாத சாமி.”

“ரெண்டையும் எப்புடிங்க அண்ணி பிரிக்கறது?”

வெளியே சாமியாரின் வண்டி வந்து நின்றது.

ஜெபம் முடிந்து பெட்டியை மூட மூடியைத் தூக்கினார்கள். வின்ஸ்டன் கை நீட்டித் தடுத்தான். எதிரே நின்ற சாய்கிருஷ்ணாவைப் பார்த்துச் சொன்னான். மெக்கானிக்குகள் எல்லோருக்கும் கேட்டது.

“அந்த இஞ்சினுக்குத் தப்பான பசை என்ர கடைலிருந்துதானுங்க வந்துச்சு. குத்தம் என்னுது. அண்ணன் கை கடேசி வரைக்கும் சுத்தமுங்க.”

எல்லோரும் ஒருமுறை அந்தக் கையைப் பார்த்தார்கள். அது ஆடாமல் இருந்தது.

இஞ்சின் இங்கேயே இருக்கட்டும், நீங்களே பாருங்கள் என்று சாய்கிருஷ்ணா சொன்னான். மூடியை இறக்கினார்கள்.

கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பியபோது மணி மூன்று. பக்கத்து வீட்டிலிருந்து வந்த சோறு மூடியபடியே இருந்தது. இழவு வீட்டில் அடுப்பு பற்றவைக்கக்கூடாது என்பதால் சமையல்மேடை காலியாகக் கிடந்தது. கடைக்குப் போய்வந்த வின்ஸ்டன் கட்டிலுக்கடியிலிருந்து இஞ்சினை இழுத்து மேடையில் வைத்தான். படுங்க அண்ணி என்றான். அவள் படுக்கவில்லை. செய்தித்தாள் விரித்தாள்.

கேஸைப் பிளந்ததும் சிலிகான் மென்று துப்பிய பபிள்கம் மாதிரி நூல் நூலாக வந்தது. அவன் இரண்டு பாதியையும் சுரண்டித் துடைத்தான். பிஸ்டன் நாளைக்கு வந்துவிடும் என்றான். பிறகு சட்டைப் பையிலிருந்து புதிய பழுப்புப் பசை டப்பாவை எடுத்து அவள் முன்னால் வைத்தான்.

“நீங்க பூசுங்க.”

“உனக்குத்தான் கை நல்லாருக்குதே.”

“அண்ணனோட இஞ்சினுங்க.”

அவள் பிரஷை எடுத்துப் பூசினாள். கண் எரிந்தது, விரல் தவறவில்லை. பூசி முடித்ததும் அவன் மறுபாதியைத் தூக்க வந்தான். இரு, பதம் வரட்டும் என்று தடுத்துவிட்டு ஜெபமாலைக்காக ஆணியை நோக்கிக் கை நீட்டினாள். ஆணி வெறுமையாக இருந்தது.

செய்தித்தாளின்மேல் கழற்றிய போல்ட்டுகள் வரிசையாக இருந்தன. எண்ணினாள். பதினொன்று, ஒன்றும் பத்தும். முதல் போல்ட்டின்மேல் விரலை வைத்துக்கொண்டு, யாராவது ஆரம்பிக்கட்டும் என்று காத்திருந்தாள். அவளுக்கு மறுபாதி சொல்லித்தான் பழக்கம். பிறகு அவளே ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்தினாள். கோயில் பக்கமே போகாத வின்ஸ்டன், தட்டுத்தடுமாறி மறுபாதியைச் சொன்னான். அவள் போல்ட்டை அந்தப் பக்கம் தள்ளினாள்.

கடைசி போல்ட்டும் போனதும் விளிம்பில் விரலை வைத்துப் பார்த்தாள். லேசாக ஒட்டியது.

“மூடு” என்றாள்.