பரணிதரன் போட்ட ஓவர்

கிரிக்கெட் ஆடிச் சம்பாதிக்கிறான் என்று சொன்னால், எந்தச் சேனலில் வருவான் என்றுதான் கேட்பார்கள். ஜீவா எந்தச் சேனலிலும் வரமாட்டான். அவன் ஆடியது டென்னிஸ் பால் கிரிக்கெட். ஏரி வற்றினால் ஏரியில், பாலாற்றில் தண்ணீர் இல்லாவிட்டால் பாலாற்றில், அறுவடை முடிந்தால் கழனியில். எந்த ஊரில் டோர்னமென்ட் நடந்தாலும், ஜெயித்தே தீருவேன் என்று வீம்பு பிடித்த டீம் ஒன்று கட்டாயம் இருக்கும். அந்த டீமிலிருந்து ஆம்பூருக்குப் போன் வரும். வண்டிச் செலவு, சாப்பாடு, கையில் கொஞ்சம் பணம். ஜீவா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான். இதற்குப் பேர் கெஸ்ட் பிளேயர். கல்யாண வீட்டுக்குச் சமைக்கப் போகிறவர்களைப் போலத்தான். பெண் யார், மாப்பிள்ளை யார் என்று தெரியாது. பந்தி நல்லபடியாக முடிந்தால் சரி.

குப்பம், சித்தூர், கோலார், ஓசூர், திருவண்ணாமலை என்று பன்னிரண்டு வருடம் இப்படியே ஓடியது. அதற்கு முன்னால் ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷனில் இருந்தான். சனிக்கிழமை லீவு கிடையாது என்ற சூப்பர்வைசரோடு முறைத்துக்கொண்டு வெளியே வந்தவன் திரும்பிப் போகவில்லை. அவன் மனைவி மேகலா மட்டும் அதே கம்பெனியில் இன்னும் தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கிறாள். இவன் மைதானத்தில் ராஜாவாக இருந்ததற்கு யார் முதுகு வலித்தது என்று யாரும் கேட்டதில்லை. மேகலாவும் சொன்னதில்லை.

கடைசி ஓவர் போட ஜீவாவை விட்டால் ஆள் இல்லை என்று மூன்று மாநிலத்தில் பேர் இருந்தது. போன தை மாதம் அந்தத் தோள்பட்டை போயிற்று. சட்டை மாட்டுவதற்கே கை மேலே வரவில்லை. வேலூரில் காட்டினார்கள். இனிமேல் வேகமாகப் போட்டால் கை தூக்கவே முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சேதி எப்படித்தான் பரவியதோ, போன் வருவது கம்மியானது. சித்திரைக்குள் நின்றே போனது. முப்பத்து நாலு வயதில் ஜீவா ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் உட்கார்ந்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் சூரியபிரகாஷ் கூப்பிட்டான். ஹைவே ஓரத்தில் இருக்கும் பெரிய தனியார் பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர். ஒரு காலத்தில் ஜீவாவுக்கு எதிராக ஆடியவன். பள்ளிக்கூடத்தில் பௌலிங் சொல்லித்தர ஆள் தேடுகிறார்கள் என்றான். மாதச் சம்பளம், பி.எஃப்., மூன்றாவது படிக்கும் மகளுக்கு அங்கேயே பாதி ஃபீஸில் இடம்.

"சாயங்காலம் அஞ்சு மணிக்கு வீட்டுக்கு வந்துடலாமா?" என்று மேகலா ரெண்டு தடவை கேட்டாள்.

"வந்துடலாம்."

"கல்யாணம் ஆனதுல இருந்து ஒரு பொங்கலுக்குக்கூட நீ ஊர்ல இருந்தது இல்ல" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அவளுக்குக் கோபப்படும் பழக்கமே விட்டுப் போயிருந்தது.

சர்டிபிகேட் எல்லாம் எடுத்து வை என்று சூரியபிரகாஷ் சொல்லியிருந்தான். மேகலா பரணிலிருந்து சூட்கேஸை இறக்கித் தரையில் பரப்பினாள். ஒவ்வொன்றாகப் படிக்கப் படிக்க அவள் முகம் சுருங்கியது. சிறந்த பந்து வீச்சாளர், வேலாயுதம். ஆட்ட நாயகன், முனீர் அகமது. தொடர் நாயகன், யாரோ ஒரு வெங்கடேசலு.

"இதெல்லாம் யாரு?"

"நான்தான்."

தொழில் அப்படி. உள்ளூர் ஆட்கள் எட்டுப் பேர், வெளியூர் ஆட்கள் மூன்று பேர் என்பது பொதுவாக எல்லா டோர்னமென்ட்டிலும் ரூல். ஜெயிக்க நினைக்கிற டீம் மூன்றோடு நிறுத்துமா? நாலாவது, ஐந்தாவது ஆளை உள்ளூர்க்காரன் ஒருவன் பேரில் இறக்குவார்கள். அவன் ஆதார் ஜெராக்ஸைக் கமிட்டியிடம் நீட்டினால் முடிந்தது. ஆதார் போட்டோவில் யார்தான் அவரவர் மாதிரி இருக்கிறார்கள்? ஜீவா பன்னிரண்டு வருடம் கண்டவன் பேரில் ஆடி, கண்டவன் பேரில் மேடையேறிக் கும்பிடு போட்டான். காகிதத்தில் யார் பேர் இருந்தால் என்ன, பந்து நம்முடையதுதானே என்ற மிதப்பு. அவன் பேரிலேயே இருந்தவை மொத்தம் ரெண்டு. ரெண்டும் கலந்துகொண்டமைக்கு.

அந்த மிதப்புக்கு இப்போது வந்தது வினை. ரெண்டையும் பார்த்த சூரியபிரகாஷ் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"வேலூர்ல ஸ்டேட் லெவல் ஆடினோமே, நாலு வருஷம் முன்னாடி. நீ ராணிப்பேட்டை பக்கத்து டீமுக்கு எறங்குன. கடைசி பால்ல என் ஸ்டம்பையே எடுத்த. அந்த சர்டிபிகேட் எங்க?"

"அது பரணிதரன்னு ஒருத்தன் பேர்ல இருக்குது. அவன்கிட்டயே குடுத்துட்டேன்."

"எனக்கு நீதான்னு தெரியும். அன்னிக்கே தெரியும். நாங்களும் ரெண்டு பேர அப்படித்தான் எறக்கியிருந்தோம், அதான் வாயத் தொறக்கல. ஆனா ஸ்கூல் சேர்மனுக்குக் காயிதம் வேணும்டா. ஸ்டேட் லெவல் ஒண்ணாவது காட்டணும். அந்தப் பையனப் புடி. ஆடினது ஜீவாதான்னு ரெண்டு வரி எழுதி வாங்கு. சர்டிபிகேட்டோட திங்கக்கிழமை கொண்டா, மிச்சத்த நான் பேசிக்கிறேன். செவ்வாக்கிழமை வேற ஒருத்தனக் கூப்பிட்டிருக்காங்க."

சனிக்கிழமை காலையில் ஜீவா பஸ் ஏறினான். மேகலா அவன் சட்டைப் பையில் பேனா ஒன்றைச் செருகிவிட்டாள், அந்த வீட்டில் பேனா இருக்குமோ இருக்காதோ என்று.

வேலூரில் பஸ் மாறி, ராணிப்பேட்டையில் ஷேர் ஆட்டோ பிடித்து, சிப்காட்டைத் தாண்டி அந்த ஊரில் இறங்கினான். டீமை நடத்தியவன் நம்பர் இப்போது உபயோகத்தில் இல்லை. டீமே கலைந்துவிட்டதாம். டீக்கடையில் பரணிதரன் வீடு என்று கேட்டதும் கடைக்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "கடைசி வீடு. அம்மா இருப்பாங்க" என்றார்.

வாசலில் ஒரு அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும்.

"பரணி இருக்காராம்மா? ஆம்பூர்ல இருந்து வர்றேன். அவர்கூட கிரிக்கெட் ஆடினவன்."

அந்த அம்மா கீரையைக் கீழே வைத்தார். "உனக்குத் தெரியாதா கண்ணு?" என்று கேட்டார்.

செகண்ட் ஷிப்ட் முடிந்து பைக்கில் வந்தவனை லாரி அடித்து மூன்றரை வருடம் ஆகிவிட்டது. ஊருக்கே தெரியும். கெஸ்ட் பிளேயருக்கு யார் சொல்வார்கள்? வேனில் ஏற்றி வந்து வேனில் ஏற்றி அனுப்பிவிடுகிற ஆளுக்கு, அந்த ஊரில் யார் பிறந்தது, யார் செத்தது என்று எதற்குத் தெரிய வேண்டும்? வந்த காரியம் அப்போது ஜீவாவின் நினைவிலேயே இல்லை.

"உள்ள வந்து குந்து" என்றார் சம்பூர்ணம். அதுதான் அந்த அம்மாவின் பேர்.

சுவரில் பரணிதரன் போட்டோவுக்கு மாலை போட்டிருந்தது. பக்கத்தில் அதே அளவு கண்ணாடிச் சட்டத்துக்குள் அந்தச் சர்டிபிகேட். அதற்கும் மஞ்சள், குங்குமம் வைத்திருந்தார்கள்.

"படிப்பு ஏறல. வேலைலயும் ஒரு எடத்துல நிக்கல. எப்பப் பாரு பந்தத் தூக்கிகினு சுத்துவான். நான் வாய்க்கு வந்தபடி திட்டுவேன். சோத்துக்கு ஆவுமாடா அந்தப் பந்துன்னு கேப்பேன். ஒரு நாளு இந்தக் காயிதத்தக் கொண்டாந்து காட்டினான் பாரு. மா, உம்புள்ளதான் பெஸ்ட் பௌலருன்னான். அன்னிக்கு நிறுத்துனதுதான், அப்புறம் அவன நான் திட்டல. அதுக்கு மேல ஆறு மாசந்தான் இருந்தான். அந்த ஆறு மாசமாவது திட்டாம வச்சிருந்தேனே, அது போதும்னு இருக்குது."

ஜீவாவுக்கு அந்த வேன் ஞாபகம் வந்தது. கோப்பையோடு திரும்பும்போது அவன்தான் அந்தக் காகிதத்தைப் பின் சீட்டுக்கு வீசினான். உன் பேர்தானே, நீயே வச்சுக்க என்றான். எல்லோரும் சிரித்தார்கள். பரணியும் சிரித்தான். அவன் அந்த டீமின் சொந்த பௌலர். செமி ஃபைனல் வரைக்கும் அவன்தான் போட்டான். ஃபைனலுக்கு ஜீவா வந்ததும் பரணியின் ஆதாரை வாங்கிக்கொண்டு, கமிட்டி கண்ணில் படாதே என்று கோயிலுக்குப் பின்னால் நின்ற வேனில் உட்காரவைத்துவிட்டார்கள். தன் ஆயுளில் கிடைத்த ஒரே ஃபைனலை அவன் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. அன்றைக்கு ஜீவா அதைப் பற்றி ஒரு நிமிஷமும் யோசிக்கவில்லை. இப்போது யோசித்தபோது வெட்கமாக இருந்தது.

டீ வைக்கிறேன் என்று சம்பூர்ணம் உள்ளே போனார். ஜீவா வெளியே வந்து சூரியபிரகாஷுக்குப் போன் போட்டான். விஷயத்தைச் சொன்னான்.

"பாவம்டா" என்றான் சூரியபிரகாஷ். பிறகு, "அம்மா இருக்காங்க இல்ல? அவங்க கையெழுத்துப் போட்டாலும் போதும். ரெண்டு வரி. செத்தவனுக்கு அதால ஒண்ணும் கொறஞ்சிடாது. உனக்குக் குடும்பம் இருக்குது ஜீவா."

அவன் சொன்னதில் தப்பில்லை. மேகலா பேனா வரை கொடுத்து அனுப்பியிருக்கிறாள். மகள் புதுப் பள்ளிக்கூடத்து யூனிஃபார்ம் என்ன கலர் என்று நேற்றே கேட்டுவிட்டாள். ரெண்டு வரிதானே. பொய்யில்லை, நடந்ததுதான். அம்மா, உங்ககிட்ட ஒரு உதவி என்று ஆரம்பிக்க வேண்டும். அதை ரெண்டு மூன்று தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு உள்ளே போனான்.

சம்பூர்ணம் டம்ளரை அவன் கையில் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"அம்மா..."

"நீ அந்த மேச்சுல இருந்தியா கண்ணு?"

"இருந்தேம்மா."

"அப்போ எனக்கு ஒண்ணு சொல்லு. அந்தக் கடைசி ஓவர எப்படிப் போட்டான்? அவனாண்ட கேட்டா, போம்மா உனக்குப் புரியாதும்பான். டீமுப் பசங்களக் கேட்டா எல்லாம் பேச்ச மாத்திட்டு ஓடுறானுங்க. அழுதுடுவேன்னு பயம் போல. நான் அழ மாட்டேன். நீ சொல்லு."

ஜீவா டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். இந்த நாலு வருடத்தில் அந்த ஓவரைப் பற்றி அவனிடம் யாரும் கேட்டதில்லை. வீட்டுக்குப் போனால் ஜெயிச்சீங்களா என்பாள் மேகலா. ஆமாம் என்பான். அத்தோடு அது முடிந்துவிடும். அவன் வாழ்க்கையில் போட்டதிலேயே நல்ல ஓவர் அது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஆறு பந்தையும் சொல்வான்.

"ஏழு ரன் வேணும்மா அவங்களுக்கு. ஆறு பால்தான் இருக்குது" என்று ஆரம்பித்தான். "ஜனம் ஜாஸ்தி. ஏரிக்கரை பூரா ஆளுங்க. பால் யார்கிட்ட குடுக்கறதுன்னு கேப்டன் பாக்கறான். எல்லாரும் தலையக் குனிஞ்சிக்கினாங்க. அப்போ..." ஒரு மடக்கு டீ குடித்தான். "அப்போ பரணிதான், நான் போடறேன்னு வாங்கினான்."

"அவனாவா கேட்டு வாங்கினான்?"

"அவனாதாம்மா. மொத பால் நேரா காலடில. குச்சி பறந்து போய்டுச்சு."

"குச்சி விழுந்தா நல்லதா?"

"நமக்கு நல்லதும்மா. அவன் அவுட்டு. ரெண்டாவது பால மெதுவா விட்டான். வேகமா வரும்னு நெனச்சி அவன் மட்டையச் சுத்திட்டான். மேல போச்சு, கேட்ச். மூணாவது பால் மட்டை ஓரத்துல பட்டு நாலு போய்டுச்சு."

"அய்யய்யோ."

"மூணு பால்ல மூணு ரன். அப்பவும் பரணி பயப்படல. கைய மண்ணுல தேச்சிட்டு, தூரமா நடந்துபோய் நின்னான். அடுத்த ரெண்டு பாலும் அடிக்கறவனால தொடவே முடியல." ஜீவாவின் வலது கை தானாக மேலே போனது. தோளுக்கு மேல் போகாமல் வலியில் நின்றது. இறக்கிக்கொண்டான். "கடைசி பால். அவன் ஏறி வந்து அடிக்கப் பாத்தான். பரணி அதக் கண்டுபுடிச்சிட்டு, ஓடி வர்றப்பவே மனச மாத்தி, கால்கிட்ட போட்டான். நடுக்குச்சி. ஜெயிச்சிட்டோம். ஊரே உள்ள ஓடி வந்து அவனத் தூக்கிகினு சுத்துச்சு. கீழ எறக்கவே இல்ல."

சம்பூர்ணம் அழ மாட்டேன் என்று சொன்னபடி அழவில்லை. முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது. தூக்கிகினு சுத்துனாங்களா, தூக்கிகினு சுத்துனாங்களா என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டு மகன் போட்டோவைப் பார்த்தார். இனி அந்த ரெண்டு வரியைக் கேட்க முடியாது என்று ஜீவாவுக்குத் தெரிந்துபோயிற்று. செவ்வாய்க்கிழமை வேறு ஒருவன் அந்த வேலைக்குப் போவான். வீட்டுக்குப் போய் மேகலா முகத்தை எப்படிப் பார்ப்பது என்றுதான் தெரியவில்லை.

"நீ எந்த எடத்துல நின்ன கண்ணு, அவன் போடும்போது?"

"எனக்கு அன்னிக்குச் சான்ஸ் குடுக்கலம்மா" என்றான் ஜீவா. "வெளியே நின்னு பாத்துகினு இருந்தேன்."

சம்பூர்ணம் எழுந்து வந்து அவன் தலையைத் தடவினார். "அதுக்காக மனச விட்டுடாத. அந்த மாதிரி ஒரு நாளு எல்லாருக்குமா கெடைக்குது?"

ஜீவா இல்லை என்று தலையாட்டினான்.