சித்தேரியில் கொட்டிய லாரி

பிரபாவதி அந்தக் குழுவுக்குள் போனதே நாற்றத்தால்தான். கேளம்பாக்கத்தில் அவள் குடியிருந்த நெய்தல் என்க்ளேவில் காலையில் குழாயைத் திறந்தால் முதல் இரண்டு பக்கெட் தண்ணீரில் சாக்கடை வாடை அடிக்கும். வாய் கொப்பளித்தால் குமட்டும். அவள் தொலைபேசி இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், கேள்வி கேட்கக் கூச்சப்படாதவள். அதனால் வட்டாரக் குடிநீர், கழிவுநீர்த் திட்டத்தின் ஆலோசனைக் குழுவுக்கு, வரி கட்டுகிறவர்களின் பிரதிநிதியாக அவளை அனுப்பினார்கள். குடியிருப்போர் சங்கத் தலைவர் ராஜாராம்தான் அவள் பெயரைச் சொன்னார்.

"நம்ம சார்பா நல்லா கேளுங்க மேடம். விடாதீங்க."

அவள் விடவில்லை. மூன்று கூட்டங்களில் ஒரே கேள்வியைக் கேட்டாள். மூன்றிலும் டீயும் போண்டாவும் வந்தன, பதில் வரவில்லை. நான்காவது கூட்டத்தில் பொறியாளர் ஹரிஹரன் பொறுமை இழந்தார்.

"மேடம், உங்களுக்குத் தண்ணி வர்ற கிணறெல்லாம் சித்தேரிக் கரையில இருக்கு. அந்த ஏரியில யாரோ செப்டிக் டேங்க் லாரியக் கொண்டாந்து கொட்டுறாங்க. பிடிக்க என்கிட்ட ஆள் இல்ல. லாரி நம்பரக் கொண்டு வாங்க, நான் நடவடிக்கை எடுக்கிறேன்."

மறுநாளே ஷேர் ஆட்டோ பிடித்துப் போனாள். ஏரிக்கரையில் எல்லம்மாள் என்ற பெண் மாடு மேய்த்துக்கொண்டிருந்தாள். லாரி வருமா என்று பிரபாவதி அவளிடம் கேட்டாள்.

"பத்து மணிக்கா வரும். மூக்கப் பொத்திக்கினு அந்த மரத்தாண்ட நில்லு. இந்தத் தண்ணிய எங்க மாடே மோந்து பாத்துட்டுத் திரும்பிடுது. நீங்க இன்னாடான்னா குழாயில புடிச்சுக் குடிக்கிறீங்க."

லாரி வந்தது. டிரைவர் இறங்கி, தடித்த ஹோஸை ஏரிக்குள் இழுத்துப் போட்டு வால்வைத் திறந்தான். கறுப்பும் மஞ்சளுமாகக் குழம்பு போலக் கொட்டியது. நாப்கினும் முடியும் பிளாஸ்டிக்குமாகச் சேர்ந்து கரையோரம் மிதந்து வந்தன. பிரபாவதி புடவைத் தலைப்பால் வாயை அழுத்திக்கொண்டு நம்பர் பிளேட்டைப் படம் எடுத்தாள்.

"இன்னாமா போட்டோ?" என்று டிரைவர் கிட்டே வந்தான்.

"எந்த இடத்துலேர்ந்து எடுத்துட்டு வர்ற?"

அவன் பயப்படவில்லை. சட்டைப் பையிலிருந்து டிரிப் ஷீட்டை எடுத்து நீட்டினான். நெய்தல் என்க்ளேவ், பி பிளாக். அவள் இருந்த பிளாக். கீழே ராஜாராமின் கையெழுத்து.

"சுத்திகரிப்பு நெலையம் கீதுமா, ரொம்பத் தொலவு. அங்க போனா வாடகை ஜாஸ்தி. இங்கியே வுட்டுடுப்பான்னு உங்க தலைவருதான் சொன்னாரு. போய் அவரக் கேளு."

அவள் மரத்தடியில் குனிந்து வாந்தி எடுத்தாள். எல்லம்மாள் அவள் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் கேட்டாள்.

"தெரியும் மேடம்" என்றார் ராஜாராம். "இங்க எல்லாருக்கும் தெரியும்."

"குடிக்கிற தண்ணி சார்!"

"யார் அதக் குடிக்கிறாங்க? எல்லார் வீட்லயும் கேன் தண்ணிதான்."

"ஏரிக்கரையில இருக்கிறவங்க?"

எதிர்வீட்டு விஜயகுமாரி, செய்த குழம்பையெல்லாம் அவளோடு பங்கு போட்டுக்கொள்கிறவள், போனிலிருந்து தலை நிமிராமலே சொன்னாள்: "லாரி தூரம் போனா மெயின்டெனன்ஸ் ஏறும் பிரபா. நீ எங்க பிரதிநிதிதானே? எங்களுக்கு எதிராவே பேசுவியா?"

அந்த முகங்களைப் பார்க்கப் பார்க்க பிரபாவதிக்கு ஏரிக்கரையில் வந்த அதே குமட்டல் வந்தது. பாதியில் எழுந்து போய்விட்டாள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் லாரி நம்பரைப் படித்தாள். எந்தக் குடியிருப்பு என்பதையும் படித்தாள். ஹரிஹரனின் பேனா நின்றது.

"உங்க அபார்ட்மென்ட்டா மேடம்?"

"ஆமா. எழுதிக்கோங்க."

சங்கத்துக்கு நோட்டீஸ் வந்தது. அதே வாரம் அவளை நீக்கச் சொல்லிச் சங்கம் மனு கொடுத்தது. முதல் கையெழுத்து விஜயகுமாரியுடையது. குழுவில் பிரபாவதியின் இடத்துக்கு ராஜாராமே போனார். லிஃப்டில் எதிர்ப்பட்டால் அவர் சிரித்தபடி வணக்கம் சொல்வார். அவள் இறங்கி மூன்று மாடியும் நடந்தே ஏறுவாள்.

ஒரு மாதம் லாரி ஏரிப் பக்கம் வரவில்லை. பிறகு எல்லம்மாள் போன் செய்தாள். "எதிர்க்கரையில வந்து கொட்றாம்மா. நம்பர் மேல சேறு பூசிக்கினு வர்றான்."

பிரபாவதி ஹரிஹரனின் அலுவலகத்துக்கு ஓடினாள். அவர் நாற்காலியைக்கூடக் காட்டவில்லை.

"நீங்க இப்ப பிரதிநிதி இல்லையே மேடம். புகார உங்க பிரதிநிதி மூலமா அனுப்புங்க."

"அவர்தான் சார் கொட்டச் சொல்றதே!"

"முறைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

திங்கட்கிழமை செங்கல்பட்டுக்கு, கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்கு, எல்லம்மாளையும் கூட்டிக்கொண்டு போனாள். இரண்டு பேர் பெயரிலும் மனு. வரி ரசீதைக் கேட்டபோது எல்லம்மாளும் முந்தானையில் முடிந்திருந்த தன் குடிநீர் வரி ரசீதை எடுத்து நீட்டினாள். அவளும் வரி கட்டுகிறாள் என்பது பிரபாவதிக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை குழுக் கூட்டங்களில் ஒருமுறைகூட அவளுக்காகக் கேட்டதில்லை. தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

பத்து நாளில் பதில் வந்தது. மனு உரிய நடவடிக்கைக்காக ஹரிஹரனுக்கே அனுப்பப்பட்டிருந்தது. அதை எல்லம்மாளுக்குப் போனில் படித்துக் காட்டினாள்.

"தூ!" என்றாள் எல்லம்மாள். "வர்ற திங்கக்கெழம எத்தினி மணிக்கு பஸ்ஸு?"