அணியத்தில் திரும்பியவன்

திமிங்கில வேட்டையில் ஈட்டிக் கயிறு தோமியின் இரண்டு விரல்களைக் கொண்டுபோன மறுநாள், படகுக் கொட்டகையில் எல்லோரும் கூடினார்கள். வேட்டையில் ஒருவனுக்கு அடிபட்டால், அது யாருடைய பாவம் என்று தெரியாமல் படகை மறுபடி கடலில் இறக்குவதில்லை.

சுக்கான் பிடிக்கும் காஸ்பர் கேட்டார். "யார் வீட்டுல என்ன குத்தம்? இப்பவே சொல்லிருங்க. திமிங்கிலத்துக்கு முன்னாடி நின்னுக்கிட்டு சொல்ல முடியாது."

அன்சல் தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். படகின் முன்முனையில், அணியத்தில் நின்று ஈட்டி எறிபவன் அவன். அதற்கு முந்தைய வேட்டையில் கைம்பெண்களின் பங்கைப் பிரித்து வைத்தவனும் அவன்தான். ஊர்சுலாவின் பங்கு மட்டும் கொட்டகைக் கம்பில் தொங்கிக்கொண்டிருந்தது. யாரும் பார்க்கவில்லை. எடுத்துத் தன் கறியோடு காயப்போட்டான். ஒன்றும் அறியாத மனைவி லூசியா அதை மலைச்சந்தையில் கொடுத்துச் சோளம் வாங்கி வந்தாள்.

தோமி எழுந்தான். கையில் கட்டு. ஊர்சுலாவின் மகன்.

"என் பாவந்தான். பங்குக் கறிய நான் கட்டிக்கப் போற பொண்ணு வீட்டுக்குக் குடுத்துட்டேன்னு அம்மா சண்டை போட்டா. செத்துத் தொலைன்னு கத்திட்டேன்."

"குடுத்தியாடா?" என்றார் காஸ்பர்.

"சத்தியமா இல்ல மாமா."

"விரல் போன பெறகுமா பொய்யி? அந்த வீட்டு அடுப்புல கொழுப்பு வாசனை ஊரையே தூக்குச்சாமே!" என்றான் கூட்டத்தில் ஒருவன்.

சிரித்தார்கள். தோமியும் வேறு வழியில்லாமல் சிரித்தான்.

அன்சல் வாயைத் திறந்தான். "கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றான்.

மாதா கோவில் சாமியார் வந்து படகுக்குத் தீர்த்தம் தெளித்தார். ஊர்சுலா எல்லோர் முன்னாலும் மகனின் நெற்றியில் முத்தமிட்டு மன்னித்தாள். காரியம் முடிந்தது.

அன்சலுக்கு முடியவில்லை. வீட்டில் சோளச்சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்தான். உட்கார்ந்தான். மறுபடி எழுந்தான்.

"இந்தச் சோளத்தக் கோழிக்குப் போட்டுரு."

"கோழிக்கா? மலை ஏறி எறங்கினது என் காலுய்யா!" என்றாள் லூசியா.

கோவிலுக்குப் போனான். சாமியார் வாசலில் மோட்டார் சைக்கிளைக் கழற்றிப் போட்டிருந்தார்.

"என்ன அன்சல்?"

"ஒண்ணுமில்ல சாமி. செயின் தொங்குதே." உட்கார்ந்து சக்கரத்தைப் பிடித்துக் கொடுத்தான். திரும்பி வந்தான். சொன்னால் அணியம் போய்விடும். ஈட்டியை வேறொருவன் எடுப்பான்.

புண் ஆறுவதற்கு முன்பே தோமி படகில் ஏறினான். கயிற்றுக்குப் பக்கத்தில், அதே இடம்.

"பின்னால போய் உக்காருடா" என்றான் அன்சல்.

"பாவம்தான் கழுவியாச்சே மாமா. இனி என்ன பயம்?"

கழுவாத பாவம் அணியத்தில் நின்றது. அடுத்த முறை கயிறு விரலோடு விடாது என்று அன்சலுக்குத் தெரியும். எறிந்தவனை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருப்பவனை எடுக்கும். போன முறையும் அப்படித்தான் எடுத்தது.

திமிங்கிலம் மூச்சு விட்டது. கிட்டத்தில். துடுப்புகள் வேகம் பிடித்தன. அன்சல் ஈட்டியை உயர்த்தினான். அணியத்தில் நிற்பவன் திரும்பிப் பார்க்கக் கூடாது.

அவன் திரும்பினான்.

"டேய், திரும்பாதடா!" காஸ்பர் கத்தினார்.

"ஊர்சுலா பங்க எடுத்தது நான். தோமி இல்ல."

துடுப்புகள் நின்றன. அன்சலின் முதுகுக்குப் பின்னால் திமிங்கிலத்தின் வால் உயர்ந்து, நீரை அறைந்து, இறங்கியது. அலை படகை ஆட்டிவிட்டுப் போனது.

யாரோ கடலில் துப்பினார்கள். "இதச் சொல்ல இப்பத்தான் நேரம் கெடச்சுதா? ஊரே சட்டியக் கழுவி வச்சிட்டு நிக்குது."

காஸ்பர் படகைக் கரைக்குத் திருப்பினார். அன்சல் ஈட்டியைக் கீழே வைத்தான்.

தோமி தன் கட்டைப் பார்த்தான். "எடுக்காத கறிக்கும் சேத்து எங்கம்மா என்ன மன்னிச்சா மாமா. நீங்க பாத்துக்கிட்டு நின்னீங்க."

அன்சல் அணியத்திலிருந்து இறங்கினான். படகின் நடுவில், நீர் இறைப்பவனின் இடத்தில் போய் உட்கார்ந்து சிரட்டையைக் கையில் எடுத்தான். யாரும் தடுக்கவில்லை.

கரையில் பெண்கள் சட்டிகளோடு நின்றார்கள். முன்னால் ஊர்சுலா. படகு நெருங்க நெருங்க அவள் முகம் தெளிவானது. அன்சல் குனிந்து இறைத்துக்கொண்டே இருந்தான். படகுக்குள் நீர் இல்லை.