இடது முட்டியில் மஞ்சள் கோடு

என் வீட்டுக்காரர் மரியஜோசப் கடைசியாகச் செய்த சாதாரணக் காரியம், வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சேஃப்டி ஷூவுக்கு லேஸ் கட்டியது. சுவரைப் பிடிக்கவில்லை. கட்டி முடித்து அப்படியே எழுந்தார். வலது காலை ஒருமுறை உதறினார். ராத்திரிக்கு ரசம் மட்டும் வைத்தால் போதும் என்று சொல்லிவிட்டுக் கம்பெனி பஸ்ஸுக்குப் போனார். சுங்குவார்சத்திரம் வருவதற்குள் பஸ்ஸிலேயே போய்விட்டார். மாரடைப்பு. தூங்குகிறார் என்று நினைத்து, பக்கத்து சீட்டுக்காரர் வெயில் படாமல் ஜன்னல் திரையை இழுத்துவிட்டாராம்.

நெஞ்சில் கோளாறு இருக்கும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. எல்லாரும் முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அவருக்குக் கார் கதவு மாட்டும் லைனில் வேலை. கீல் போல்ட்டை டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். வேண்டிய அளவு இறுகியதும் ரெஞ்ச் ‘டக்’ என்று சத்தம் கொடுக்கும். உடனே மஞ்சள் பெயிண்ட் பேனாவை எடுத்து, போல்ட்டின் தலையிலிருந்து தகடு வரைக்கும் ஒரு கோடு இழுக்க வேண்டும். கோடு இருந்தால் வேலை முடிந்தது, யாரும் கைவைக்கக் கூடாது. கோடு நடுவில் விலகியிருந்தால் போல்ட் தளர்ந்துவிட்டது. அடுத்த ஸ்டேஷனில் நிற்கும் பரசுராமனுக்கு அந்தக் கோடுகளைப் பார்ப்பதுதான் வேலை; லைனில் அதற்குக் குவாலிட்டி என்று பெயர். வருஷக்கணக்காக அக்கம்பக்கத்தில் நின்றவர்கள். கோடு போடும் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. மண்ணூரில் எங்கள் வீட்டு மின்விசிறியிலும் மிக்ஸியின் அடியிலும் மஞ்சள் கோடு உண்டு. என் மூக்குக்கண்ணாடித் திருகில்கூட ஒன்று போட்டிருந்தார்.

ஒருநாள் கீழே விழுந்த போல்ட்டை எடுக்கக் குனிந்து உட்கார்ந்து எழுந்தபோது ‘டக்’ என்று கேட்டிருக்கிறது. யாருடைய ரெஞ்ச் என்று திரும்பிப் பார்த்திருக்கிறார். சத்தம் வந்தது அவருடைய வலது முட்டிக்குப் பின்னாலிருந்து.

ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர் அறிவுமதி பொறுமையான பெண்மணி. முட்டிக்குள் இரண்டு எலும்புக்கும் நடுவே வாஷர் மாதிரி ஒரு ஜவ்வு இருக்கிறது, அது எலும்பைப் பிடித்திருக்கும் வேரிலேயே பிய்ந்துவிட்டது என்றார். வாஷர் என்றதும் இவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அப்படியே விட்டால் ஜவ்வு வெளியே நழுவும், எலும்பும் எலும்பும் உரசித் தேயும், ஆகவே திரும்ப எலும்போடு சேர்க்க வேண்டும் என்று டாக்டர் விளக்கினார். எலும்பில் ஒரு சின்ன திருகை இறக்கி அதில் கட்டுவது ஒரு வழி. இவருக்கு அவர் செய்ய நினைத்தது இன்னொன்று. பிய்ந்த முனையில் நூல் கோத்து, முட்டிக்குக் கீழே முன்பக்கத்திலிருந்து எலும்பில் சாய்வாக ஒரு துளை போட்டு, நூலை அதன் வழியே வெளியே இழுத்து, எலும்பின் மேல் ஒரு உலோகப் பொத்தானில் முடிச்சுப் போடுவது.

இவருக்கு அது பிடிக்கவே இல்லை.

“நூலா டாக்டர்? நூலு இன்னாத்துக்கு ஆவும்? ஸ்க்ரூவே போட்டுடுங்க. டைட்டா நிக்கும்.”

“உங்க கார் கதவு தானா ஒட்டிக்காது, ஜோசப். இது ஒட்டிக்கும். ஒட்டுற வரைக்கும் ஜவ்வை அது இடத்துல பிடிச்சு வைக்கத்தான் இந்த நூல். ரொம்ப இறுக்கினா அறுத்துடும்.”

சட்டைப் பொத்தான் மாதிரியா என்று நான் கேட்டேன். கிட்டத்தட்ட அதேதான் என்றார் டாக்டர். இவர் முகம் தொங்கிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் போட்டிருந்த சட்டையின் பொத்தான்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். மூன்றாவது கையோடு வந்துவிட்டது. நான் தைத்தது. அதை என் முன்னால் மேஜையில் வைத்துவிட்டுப் படுக்கப் போனார்.

பயம் பொத்தானைப் பற்றி மட்டும் இல்லை. ஆறு மாதத்துக்குள் நின்று வேலை செய்யும் கால் வராவிட்டால், கேட்டில் லாரிக்காரர்களுக்கு டோக்கன் கொடுக்கும் நாற்காலிக்கு மாற்றிவிடுவோம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். அந்த நாற்காலிக்குப் போன யாரும் லைனுக்குத் திரும்பி வந்ததில்லை. ஓய்வு பெற்ற மாதிரி நல்ல வேலைதானே என்று நான் சொல்லிப் பார்த்தேன். உட்கார்ந்து சம்பளம் வாங்குவதற்கு நான் என்ன மாப்பிள்ளையா என்று கேட்டார்.

ஆபரேஷனுக்கு முந்தின சாயங்காலம் பரசுராமன் ஷிப்ட் முடிந்து, யூனிஃபாரத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்துவிட்டு, இரண்டு முட்டியையும் அழுத்திப் பார்த்தார். சட்டைப் பையில் மஞ்சள் பேனா இருந்தது. நான் தண்ணீர் பிடிக்கப் போய்த் திரும்புவதற்குள் நல்ல காலான இடது முட்டியில், தொடையிலிருந்து கெண்டைக்கால் வரைக்கும் பட்டையாக ஒரு கோடு இழுத்திருந்தார்.

“இது ஓகே ஆன காலு, அண்ணி. எவனும் இத்தத் தொட மாட்டான்.”

இவரும் அதைத் திருப்தியாகப் பார்த்துக்கொண்டார். லைனில் இருக்கும் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் ஆஸ்பத்திரியில் கோடு போட்ட காலைத்தான் அறுப்பார்கள் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியாது.

காலையில் நான் ஃபிளாஸ்க்கோடு திரும்பி வந்தபோது, ஜாஸ்மின் சிஸ்டர் இடது காலைச் சுத்தமாகச் சிரைத்து மருந்து தடவிக்கொண்டிருந்தார். இவர் தலைக்குப் பின்னால் கையைக் கோத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார். ஏன் சொல்லவில்லை என்று பின்னால் கேட்டேன். முதலில் நல்ல காலைப் பார்த்து அளவு எடுத்துக்கொள்கிறார்கள் என்று நினைத்தாராம்.

நான் போட்ட சத்தத்தில் டாக்டரே வந்துவிட்டார். அவர் எப்படியும் கத்தியை எடுப்பதற்கு முன் ஸ்கேனையும் காலையும் ஒப்பிட்டுப் பார்ப்பவர், நான் பதறியிருக்க வேண்டியதில்லை. ஆனாலும் அந்தக் கோட்டை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். யார் போட்டது என்று கேட்டார். குவாலிட்டி என்று இவர் பதில் சொன்னார். ஸ்பிரிட்டால் துடைத்தார்கள், போகவில்லை. எஞ்சின் ஆயிலுக்கே போகாத பெயிண்ட் அது. தின்னர் போட்டால் போகும் என்று இவர் படுத்தபடியே யோசனை சொன்னார். கடைசியில் டாக்டர் வலது காலில் தன் பேனாவால் அம்பு போட்டுக் கையெழுத்திட்டு, இடது கால் முழுவதையும் துணிக்கட்டால் சுற்றிவிடச் சொன்னார். அப்படித்தான் என் வீட்டுக்காரர் நல்ல காலுக்குக் கட்டும் கெட்ட காலுக்குக் காற்றுமாக உள்ளே போனார்.

உள்ளே நடந்ததை அவரே சொன்னார். முதுகில் ஊசி போட்டதால் இடுப்புக்குக் கீழே உணர்வில்லை, ஆனால் காது கேட்டது. டிரில் ஓடும் சத்தம் கேட்டதும், பிட் மழுங்கியிருக்கிறது போல, இழுக்கிறது என்று சொல்லியிருக்கிறார். பிட் புதுசு, உங்கள் எலும்புதான் கெட்டி என்று பதில் வந்ததாம். அதை அவர் கடைசி வரைக்கும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் கேட்ட முதல் கேள்வி, பொத்தானுக்கு மார்க் போட்டார்களா என்பது. போடவில்லை என்றதும் மறுபடி கவலை பிடித்துக்கொண்டது. தளர்ந்தால் எப்படித் தெரியும்? சாயங்காலம் வந்த பரசுராமன் இரண்டு காலிலும் கட்டைப் பார்த்துவிட்டு, ஒண்ணு வாங்கினா ஒண்ணு ஃப்ரீயா என்று கேட்டார். நான் பதில் சொன்ன விதத்தில், அடுத்த இரண்டு நாள் அவர் வரவில்லை.

ஆறு வாரம் காலை ஊன்றக் கூடாது. முட்டி மடங்காமல் இருக்க, பக்கத்தில் திருகு வைத்த ஒரு பட்டை மாட்டிவிட்டிருந்தார்கள். எங்கள் வீட்டுக் கழிவறை நாற்காலி மாதிரி உட்காரும் வகையைச் சேர்ந்தது இல்லை. பிளாஸ்டிக் நாற்காலியின் நடுவே ரம்பத்தால் வட்டமாக அறுத்து அவரே ஏற்பாடு செய்துகொண்டார். அதன் நான்கு காலிலும் கோடு போட்டார்.

மூன்றாவது வாரம், திருகைத் தளர்த்திவிட்டுக் கட்டிலோரம் காலை மடக்கிக்கொண்டிருந்தவரைப் பிடித்தேன்.

“இன்னா பண்றீங்க?”

“சும்மா செக் பண்றேன். புடிச்சிகினு கீதா இல்லையான்னு எப்டி தெரியும்?”

“செக் பண்ணா அத்துகினு வரும். டோக்கன் நாற்காலி ரெடியா கீது, போய் குந்திக்குங்க.”

எனக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. காலை நேராக்கித் திருகை இறுக்கினேன். அலமாரியில் இருந்த மஞ்சள் பேனாவை எடுத்து, திருகின் தலையிலிருந்து பட்டை வரைக்கும் ஒரு கோடு இழுத்தேன். அது கோணலாகத்தான் வந்தது. அவர் குனிந்து பார்த்தார். கோடு இப்படியா போடுவது, பேனாவைச் சாய்த்துப் பிடிக்க வேண்டாமா என்று திட்டினார். ஆனால் அதற்குப் பிறகு டாக்டர் சொல்லும் வரைக்கும் அந்தத் திருகைத் தொடவில்லை. போட்ட கோட்டை உடைக்கும் பழக்கம் அவருக்குக் கிடையாது.

ஜவ்வு ஒட்டிக்கொண்டது. எக்ஸ்ரேயில் பொத்தான் ஒரு அரிசி மாதிரி தெரிந்தது. ஆறாவது மாதம் லைனில் பழைய இடத்தில் நின்றார். டோக்கன் நாற்காலிக்கு வேறு யாரோ போனார்கள். குத்துக்காலிட்டு உட்கார மட்டும் டாக்டர் ரொம்ப நாள் கழித்துத்தான் ஒப்புக்கொண்டார், அதுவும் அளவோடு. அதன்பிறகு லேஸ் கட்டுவதற்கு மட்டும் உட்கார்ந்தார். வீட்டில் நாற்காலி இருந்தும் அப்படித்தான்.

அடக்கத்தன்று பெட்டியின் மூடியைப் பரசுராமன்தான் திருகினார். யாரையும் பக்கத்தில் விடவில்லை. கடைசித் திருகு இறுகியதும் அவர் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. ஒவ்வொரு திருகுக்கும் ஒரு கோடு இழுத்தார். நான்காவதில்தான் என்ன செய்கிறோம் என்று உறைத்திருக்க வேண்டும், பேனாவோடு அப்படியே நின்றுவிட்டார். ஃபாதர் ஜெபப் புத்தகத்தைப் புரட்டாமல் காத்திருந்தார்.

“பழக்கம் அண்ணி,” என்றார்.

இன்னும் இரண்டு பாக்கி இருக்கிறது, போட்டுவிடுங்கள் என்று சொன்னேன். போட்டார்.

அந்தப் பொத்தானை எடுக்க வேண்டியதில்லை, துருப்பிடிக்காத உலோகம், உள்ளேயே இருக்கட்டும் என்று டாக்டர் அறிவுமதி சொல்லியிருந்தார். மண்ணூர்க் கல்லறையில், வலது முட்டிக்குக் கொஞ்சம் கீழே, வைத்த இடத்தில் அது இருக்கிறது.