நான்காவது ஜாடி

வேதாந்தம் சார் நேர்மையானவர். இதை நான் சொல்லவில்லை, டெல்லியில் எங்கள் அறக்கட்டளை நடத்தும் ஐந்து பள்ளிகளும் சொல்கின்றன. பதினொன்றாம் வகுப்பு உயிரியல் செய்முறைத் தேர்வுக்கு ஒரு பள்ளியின் ஆசிரியர் இன்னொரு பள்ளிக்குத் தேர்வாளராகப் போவது எங்கள் வழக்கம். மற்றவர்கள் வந்தால் சமோசா, வறுத்த முந்திரி, கிளம்பும்போது கையில் ஒரு பை. எல்லாப் பிள்ளைகளுக்கும் முப்பதுக்கு இருபத்தெட்டு. வேதாந்தம் சார் மட்டும் வீட்டிலிருந்தே தயிர்சாதமும் தண்ணீரும் கொண்டு வருவார்.

பிப்ரவரியில் எங்கள் பள்ளிக்கு அவர்தான் வருகிறார் என்று தெரிந்ததும் நான் சந்தோஷப்பட்டேன். ஆறு வருஷமாக நான் அங்கே ஒப்பந்தத்தில் இருக்கும் உயிரியல் டீச்சர். ஏப்ரல் வந்தால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் காகிதம் வருமா வராதா என்று காத்துக் கிடப்பேன். இந்த ஏப்ரலில் நிரந்தரம் செய்துவிடலாம், தேர்வாளரின் குறிப்பு மட்டும் நன்றாக இருக்கட்டும் என்று பிரின்சிபால் மேடம் வாக்குக் கொடுத்திருந்தார். கண்டிப்பானவர் வாயால் பாராட்டு வாங்கினால் அதற்குத் தனி மதிப்பு என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும்.

அடையாளம் காணும் பகுதிக்கு மேஜையில் ஐந்து ஜாடிகள் வைத்தேன். முதலாவதில் பாசி. அதற்கு உண்மையான வேரும் கிடையாது, தண்ணீரை மேலே ஏற்றும் குழாயும் கிடையாது, அதனால் ஈரத் தரையை விட்டு எழுந்திருக்காது. இரண்டாவதில் ஃபெர்ன். குழாய் உண்டு, விதை இல்லை. இலைக்கு அடியில் இருக்கும் பழுப்புப் பொட்டுகளில் உள்ள தூளை வைத்துத்தான் வம்சம் வளர்க்கும். மூன்றாவதில் பைன் மரத்துக் கூம்பு. விதை உண்டு, அதை மூடி வைக்கப் பழம் இல்லை. அந்த வகைக்கு ஜிம்னோஸ்பெர்ம் என்று பெயர். நான்காவதில் அதே வகையைச் சேர்ந்த சைகஸ் இலை. ஐந்தாவதில் பூவும் காயுமாக ஒரு கடுகுச் செடி. பிள்ளைகள் ஒவ்வொன்றின் வகையையும் அதற்கான காரணத்தையும் எழுத வேண்டும்.

சைகஸை டெல்லியில் பார்க்காதவர்கள் கிடையாது. பாதி ஆபீஸ்களின் வாசலில் இரண்டு தொட்டிகளில் நிற்கும். இலை விறைப்பாக இருக்கும், தொட்டால் குத்தும். எங்கள் பள்ளி கேட்டிலும் இரண்டு உண்டு. முற்றிய இலை ஜாடிக்குள் அடங்காது என்பதால், போன மழைக்காலத்தில் புதிதாக விட்ட குருத்து ஒன்றை வெட்டி, கெடாமல் இருக்க ஃபார்மலினில் போட்டு வைத்திருந்தேன். குருத்தாக இருக்கும்போது அதன் சிற்றிலைகள் ஒவ்வொன்றும் சுருண்டிருக்கும். வெட்டும்போது முப்பத்தி நாலு பிள்ளைகளும் கூடவே நின்று பார்த்தார்கள். அதனால் முப்பத்தி நாலு பேரும் சரியாக எழுதினார்கள்.

வேதாந்தம் சார் ஜாடியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். சுருளைப் பார்த்ததும் முகம் இறுகிவிட்டது. இது ஃபெர்ன் என்றார். முப்பத்தியொரு வருஷமாகக் கரும்பலகையில் சைகஸ் வரைந்தவர். முழுச் செடியை வரைவார், அடிமரத்தை வரைவார், கூம்பை வரைவார். குருத்து விடும்போது அதன் பக்கத்தில் போய் நின்றதில்லை. சுருண்டிருந்தால் ஃபெர்ன், அவ்வளவுதான். சிவப்பு மைப் பேனாவைத் திறந்து முதல் தாளில் பெருக்கல் குறி போட்டார்.

அங்கேதான் நான் தப்பு செய்தேன். பிள்ளைகள் எதிரிலும் லேப் அட்டெண்டர் எதிரிலும் ஒரு பெரிய மனிதரின் பிழையை ஹிந்தியில் உடைத்துச் சொல்ல வேண்டாம் என்று பக்கத்தில் போய்த் தணிந்த குரலில் தமிழில் சொன்னேன்.

"சார், காம்பைப் பாருங்க. காம்பு நேரா நிக்குது, சின்ன இலைங்க மட்டும்தான் சுருண்டிருக்கு. ஃபெர்ன்னா காம்பே நுனியிலேருந்து சுருண்டு வரும்."

அவர் காம்பைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"தமிழ்ல வந்து காதுல பேசினா மார்க் போட்டுடுவேன்னு நெனச்சியாம்மா? ஊர்ப் பாசத்துக்கும் இந்த ஜாடிக்கும் சம்பந்தம் கிடையாது."

கேட்டுக்குப் போய்ச் செடியைப் பார்க்கலாம் என்றேன். தேர்வு நடக்கும்போது அறையை விட்டு வெளியே போகக் கூடாது என்றார். போன் உள்ளே அனுமதியில்லை, படம் காட்டவும் வழியில்லை. அவர் தயிர்சாதத்தைச் சாப்பிட்டு, டப்பாவைக் கழுவி, முப்பத்தி நாலு தாளிலும் பெருக்கல் குறி போட்டு முடித்தார். குறிப்பில், பாட ஆசிரியருக்கு ஃபெர்னுக்கும் சைகஸுக்கும் வித்தியாசம் தெரியவில்லை, மாணவர்கள் தவறாகக் கற்பிக்கப்பட்டிருக்கிறார்கள் என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

மறுநாள் மேடத்தைக் கேட் வரை கூட்டிப் போனேன். பிப்ரவரியில் அந்தத் தொட்டிகளில் ஏது குருத்து? முற்றிய இலைகள் விறைத்துக்கொண்டு நின்றன. ஜாடியில் இருப்பதற்கும் இதற்கும் ஜாடை கூட இல்லையே என்றார். போனில் படம் காட்டினேன். இன்டர்நெட்டில் எதுதான் இல்லை என்றார். கடைசியில், வேதாந்தம்ஜி பொய் சொல்கிறவர் இல்லை என்று முடித்துவிட்டார். பொய் சொல்லாதவருக்குத் தப்பும் வராது என்று அந்த அம்மாள் எங்கே படித்தாரோ. ஏப்ரலில் எனக்குக் காகிதம் வரவில்லை.

இப்போது கரோல் பாக்கில் ஒரு கோச்சிங் சென்டரில் விடைத்தாள் திருத்துகிறேன். அங்கே எல்லாவற்றுக்கும் விடைப் பட்டியல் உண்டு, செடியைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. ஒவ்வொரு பெருக்கல் குறி போடும்போதும் அவர் ஞாபகம் வந்து கை எரிகிறது.

ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மழை விட்டிருந்த நேரம், கதவைத் திறந்தால் வேதாந்தம் சார் நிற்கிறார். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. மூச்சு வாங்கியது. கையில் ஹிந்திப் பேப்பரில் சுற்றிய நீளமான ஒரு பொட்டலம். உட்காரச் சொல்லிவிட்டுக் காபி போட்டு வந்து வைத்தேன். அவர் பொட்டலத்தைப் பிரித்தார்.

சைகஸ் குருத்து. காம்பு நேராக இருந்தது, சிற்றிலைகள் சுருண்டிருந்தன.

லோதி ரோடில் அவர் குடியிருக்கும் குவார்ட்டர்ஸில், கீழ்வீட்டுக்காரர் வாசலில் தொட்டி வைத்திருக்கிறாராம். நாலு நாளாகத் தினமும் போய்ப் பார்த்தாராம். முதல் நாளே தெரிந்துவிட்டது, நம்புவதற்குத்தான் நாலு நாள் ஆனது என்றார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "நீ சொன்னதுதான் சரிம்மா" என்றார்.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆறு மாதமாக நான் மட்டுமே அறிந்திருந்ததை இன்னொருவர் வாய்விட்டுச் சொன்ன சந்தோஷம். அந்த ஒரு நிமிஷத்தில் அவர்மேல் இருந்த கோபம் முழுக்கப் போய்விட்டது. என் இடத்துக்கு இன்னும் யாரையும் எடுக்கவில்லை, அதுவும் எனக்குத் தெரியும். பேப்பரும் பேனாவும் எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தேன்.

"ரெண்டே வரி எழுதிக் குடுங்க சார். மேடத்துகிட்ட நான் கொண்டு போய்க் குடுக்கறேன்."

அவர் பேனாவைத் தொடவில்லை. அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார். அதற்குமேல் இரண்டு வருஷம் நீட்டிப்புக் கேட்டிருக்கிறார், ஃபைல் அறக்கட்டளைத் தலைவரின் மேஜையில் இருக்கிறது. இந்த நேரத்தில் இப்படி ஒரு காகிதம் போனால் அவர் திருத்திய பழைய தாள்களையெல்லாம் கிளறுவார்கள். நீட்டிப்பு வரட்டும், பிறகு பார்க்கலாம் என்றார். அதற்குள் என் இடத்துக்கு ஆள் வந்துவிடும் என்றேன். அது அவருக்கும் தெரிந்துதான் இருந்தது.

"மனசு கேக்காமத்தான் நேர்ல வந்து சொல்லிட்டேனேம்மா" என்று எழுந்தார்.

காபி அப்படியே ஆறிக் கிடந்தது. அதையாவது குடித்துவிட்டுப் போகச் சொன்னேன்.

"தப்பா நெனச்சுக்காதே. நான் யார்கிட்டேயும் எதுவும் வாங்கிக்கறதில்லை."

அவர் இறங்கிப் போன பிறகுதான் மேஜையில் அந்தப் பொட்டலம் இருப்பதைப் பார்த்தேன். பால்கனிக்குப் போனேன். கீழே தெருவில், மறுபடி விழத் தொடங்கிய தூறலுக்குக் குடையை விரித்துக்கொண்டிருந்தார். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். நிமிர்ந்து பார்த்தார்.

"உங்க இலையை விட்டுட்டுப் போறீங்க சார். வந்து எடுத்துட்டுப் போங்க. நானும் யார்கிட்டயும் எதுவும் வாங்கறதில்ல."

இருக்கட்டும் என்று கையை அசைத்தார். நான் பால்கனியை விட்டு நகரவில்லை. கீழே நின்ற ஆட்டோக்காரர்கூட எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் குடையை மடக்கினார்.

கீழே இறங்கிப் போய்க் கொடுத்திருக்கலாம். அறுபது வயது மனிதர், முழங்கால் வலி உள்ளவர் என்பது நடையிலேயே தெரிந்தது. ஆனால் என் வேலை இனித் திரும்பி வராது. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, அவர் ஒவ்வொரு படியாக மூன்று மாடியும் ஏறி வரும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.