அமரேஷைத் தங்க வைத்தல்

எங்கள் கம்பெனி கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கார்களுக்கான பிளாஸ்டிக் பாகங்களைச் செய்கிறது. அச்சு திறந்ததும் சூடான பாகத்தை எடுத்து வைக்க ஒரு ரோபோ கை உண்டு. அந்தக் கைக்குப் புரோகிராம் எழுத வருகிற யாரும் எங்களிடம் நிலைத்ததில்லை. ஒருவர் போனால் அடுத்தவர் வரும்வரை லைன் தடுமாறும். ஆகவே நிர்வாகம் ஒரு கொள்கை வகுத்து, ‘திறமையை ஈர்ப்போம், தக்கவைப்போம்’ என்று கேன்டீன் வாசலில் ஃபிளெக்ஸ் மாட்டியது. அதில் கோட்டு போட்ட வெள்ளைக்காரர்கள் கைகுலுக்கிக்கொண்டிருந்தார்கள்.

கொள்கையின்படி முதலில் ஈர்க்கப்பட்டவர் அமரேஷ் பெஹரா. ஒடிசாவில் பாலேஸ்வர் பக்கம். ஈர்த்தாகிவிட்டது. தக்கவைக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

நான் அதே லைனில் ஆபரேட்டர். ஷிப்டு முடிந்ததும் ரயிலேறிப் பொன்னேரியில் ரோபோ புரோகிராமிங் சான்றிதழ் வகுப்புக்குப் போவேன். எச்.ஆர். மேலாளர் குணாளன் சாருக்கு அது தெரியாது. கூப்பிட்டு விசாரித்தார்.

“இன்னா அன்பு, சாயங்காலத்துல இன்னா பண்ற?”

“பொன்னேரில கிளாஸ் சார். ரோபோ புரோகிராமிங்.”

“கிளாஸ் எங்கயும் ஓடிடாது. அமரேஷ் தனியா கீறாரு. போர் அடிச்சா பொட்டி கட்டிடுவாரு. நீ தெனம் கூடவே இரு. பேசிக்கினு இரு.”

“எனக்கு ஹிந்தி அவ்ளோ வராது சார். லைன்ல பீகார் பசங்ககிட்ட கத்துகினதுதான். அத்தத் தூக்கு, இத்த வை, அவ்ளோதான்.”

“அது போதும்டா.”

ரோபோ புரோகிராமர் ஓடிவிடக் கூடாது என்பதற்காக, ரோபோ புரோகிராமிங் படிக்கிறவனை வகுப்புக்குப் போகவிடாமல் செய்கிறார். இதை அவரிடமே சொல்ல வாய்வரை வந்தது. ஆனால் அவர் எம்.பி.ஏ. படித்தவர். எனக்குப் புரியாத ஏதோ ஒன்று இதற்குள் இருக்கலாம். எதிரில் இருப்பவர் முட்டாள் என்று தெரிந்த பிறகும் இன்னொரு முறை சரிபார்ப்பது என் வழக்கம். சரிபார்த்தேன். ஒன்றும் இல்லை. இருந்தாலும் “சரி சார்” என்றேன்.

கெஸ்ட் ஹவுஸில் அமரேஷுக்கென்று தினமும் சப்பாத்தி, குருமா. கேன்டீனில் சமைக்கும் ரத்னா அக்காதான் செய்து அனுப்புவார். அவர் பழவேற்காட்டுப் பக்கத்து மீனவக் குப்பத்துக்காரர்.

“அன்பு, இன்னா நைனா அந்த சாரு சப்பாத்தியப் பிச்சிப் பிச்சிப் போட்டுட்டுப் போறாரு? நான் எனக்குன்னு எடுத்தாந்த எறா கொழம்பையே பாத்துகினு நின்னாரு. பாவமா பூட்ச்சி.”

அமரேஷிடம் கேட்டேன். எனக்குத் தெரிந்த ஹிந்தியும் அவருக்குத் தெரிந்த ஆங்கிலமும் சேர்ந்து ஒரு மாதிரி விளங்கியது. அவர் வீட்டில் இரண்டு வேளையும் சோறும் மீனும்தானாம். சப்பாத்தி செய்தால் யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்பார்களாம். இதை குணாளன் சாரிடம் போய்ச் சொன்னேன்.

“டேய், அவன் நார்த்து. நார்த்துல இன்னா துன்னுவாங்கன்னு எனக்குத் தெரியாதா? கூச்சப்பட்டுகினு உங்கிட்ட அப்பிடிச் சொல்லியிருப்பான். நாளையிலருந்து பன்னீர் சேக்கச் சொல்லு.”

பன்னீர் சேர்ந்தது. அமரேஷ் இளைத்தார்.

இதற்குள் பொன்னேரியிலிருந்து வகுப்பெடுக்கும் பிரேமா மேடம் போன் செய்துவிட்டார். “அன்பு, இன்னும் ஒரு வாரம் நீ வரலன்னா எக்ஸாமுக்கு உன் பேர அனுப்ப முடியாதுப்பா. அப்புறம் அடுத்த வருஷந்தான்.” அன்று மாலை ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் அமரேஷுடன் உட்கார்ந்திருந்தபோது, நான் ஏறியிருக்க வேண்டிய ரயில் கண்ணெதிரே கிளம்பிப் போனது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“உனக்கு வேறு வேலையே கிடையாதா? தினமும் என்னோடு வந்து உட்காருகிறாயே” என்று அமரேஷ் கேட்டார்.

மறைக்கத் தோன்றவில்லை. வகுப்பைச் சொன்னேன், தேர்வைச் சொன்னேன், குணாளன் சாரைச் சொன்னேன். அவர் டீ புரையேறும்வரை சிரித்தார். பிறகு, யாரிடமும் சொல்லாதே என்று ஒன்று சொன்னார். ஆந்திர எல்லை தாண்டித் தடாவில் ஒரு கம்பெனியில் வேலை வாங்கிவிட்டார். மாதம் முடிந்ததும் போகிறார்.

“சாப்பாட்டினாலா?”

“இல்லை. அந்தக் கையின் கன்ட்ரோலர் பழையது, மாற்றுங்கள் என்று சேர்ந்த நாளிலிருந்து கேட்கிறேன். பதிலே இல்லை. நான் சந்தோஷமாக இருக்கிறேனா என்று மட்டும் எல்லாரும் கேட்கிறார்கள்.” டம்ளரை வைத்தார். “நீ நாளை முதல் வகுப்புக்குப் போ. யார் கேட்டாலும் என்னோடு இருந்தாய் என்று சொல்கிறேன்.”

போனேன். ரத்னா அக்காவிடம் சாப்பாட்டு விஷயத்தை மட்டும் சொல்லி வைத்தேன். அதன்பின் கெஸ்ட் ஹவுஸுக்குப் போன தூக்கில் மேல் அடுக்கில் சப்பாத்தியும் கீழ் அடுக்கில் சோறும் எறா கொழம்பும் போயின. அமரேஷ் கொஞ்சம் தேறினார். தன் பன்னீர் வேலை செய்கிறது என்று குணாளன் சார் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். மாதக் கூட்டத்தில் அமரேஷை மேடையில் உட்காரவைத்து, எனக்கு ‘தக்கவைப்புச் செம்மல்’ என்று ஒரு கேடயம் கொடுத்தார். அமரேஷ்தான் எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டினார். அடுத்த திங்கட்கிழமை அவர் வரவில்லை.

“கூடவே சுத்திகினு இருந்தியே, உனக்குத் தெரியாதா?” என்று குணாளன் சார் கத்தினார்.

“கன்ட்ரோலர மாத்தலன்னு சொல்லிகினு இருந்தாரு சார்.”

“அத்த வுடு. சாப்பாட்டுல இன்னா கொற வச்சோம்?”

தேர்வு எழுதினேன். தேறினேன். சான்றிதழை எடுத்துக்கொண்டு குணாளன் சாரிடம் போய், காலியாக இருக்கும் அந்த வேலையை எனக்குக் கொடுத்துப் பாருங்கள் என்று கேட்டேன். நான் கேட்பது அதிகப்படியோ என்று கதவுவரை ஐயம் இருந்தது. அவர் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சந்தோஷப்பட்டார் என்றே சொல்ல வேண்டும்.

“சூப்பர்டா. ஆனா உனக்கு எதுக்கு இந்த போஸ்டு? இது வெளியிலருந்து வர்றவனப் புடிச்சி வைக்கறதுக்குன்னு போட்டது. நீ எங்க போய்டப் போற? கவரப்பேட்டைல ஊடு. இங்கதான கெடப்ப? புனேலருந்து ஒருத்தன் வர்றான். உனக்குதான் இப்ப கிளாஸும் முடிஞ்சிடுச்சில்ல, சாயங்காலம் ஃப்ரீதான?”

அன்றே அமரேஷுக்குப் போன் செய்தேன். மறுவாரம் தடாவுக்குப் போய், அங்கிருந்த ஒரு ரோபோவுக்கு அவர்கள் எதிரிலேயே புரோகிராம் எழுதிக் காட்டினேன். ஜூனியர் என்றுதான் எடுத்தார்கள். ஆனால் எடுத்தார்கள். ரத்னா அக்கா கேட்ட ஒரே கேள்வி, “அங்க சோறு போடறாங்களா?” என்பது.

ராஜினாமாக் கடிதத்தை குணாளன் சாரின் மேஜையில் வைத்து, பறக்காமலிருக்கக் கேடயத்தை அதன்மேல் வைத்தேன். அவர் கேடயத்தைத் தள்ளிவிட்டுப் படித்தார். முகம் இளகியது. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். அந்த அறையில் என்னை உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை.

“ஏன்டா,” என்றார், “இங்க போர் அடிக்கிதா?”

கேலியோ என்று இன்னொரு முறை சரிபார்த்தேன். இல்லை. மனமாரத்தான் கேட்டார்.