படம் எப்படி இருந்தது?

எங்கள் வீடு எரிந்த மறுநாள் காலையில், காப்பீட்டு நிறுவனத்திலிருந்து வந்த விசாரணை அதிகாரியின் கேள்விகளுக்கு நான் மிகுந்த மரியாதையுடன் பதில் சொன்னேன். அந்த மரியாதைதான் பிறகு எங்களை நடுத்தெருவில் நிறுத்தப் பார்த்தது.

"நெருப்பு பிடிச்சப்போ வீட்டுல யாருமே இல்லையா சார்?"

"இல்லைங்க. நான், என் மனைவி, பொண்ணு மூணு பேரும் சினிமாவுக்குப் போயிருந்தோம்."

"டிக்கெட் எப்போ எடுத்தீங்க?"

"நாங்க எடுக்கலைங்க. பக்கத்து வீட்டு மெத்தைக்காரர் எடுத்துக் கொடுத்தார். ரொம்ப நல்ல மனுஷன்."

அதிகாரியான அந்த இளம்பெண் அதை அப்படியே எழுதிக்கொண்டார். எனக்கு அதில் தவறாக ஒன்றும் தோன்றவில்லை. மெத்தைக்காரரின் வீடும்தான் எரிந்து போயிருந்தது. அவர் தெருவோரத்தில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். என் வீட்டின் சாம்பல் என் சட்டையில் ஒட்டியிருக்க, நான்தான் அவருக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். "மனச விட்டுடாதீங்க தம்பி" என்று முதுகைத் தடவியும் கொடுத்தேன்.

அந்த வாரம் முடிவதற்குள் காவல்துறையினர் அவரைக் கைது செய்தார்கள். வியாபாரம் படுத்துவிட்டதால், விற்காத நுரை மெத்தைகளை எல்லாம் தன் வீட்டுக் கீழ்த்தளத்தில் அடுக்கி, மண்ணெண்ணெய் ஊற்றி, அவரே கொளுத்தியிருக்கிறார். தன் சரக்குக்கும் வீட்டுக்கும் காப்பீட்டுப் பணம் வாங்குவதுதான் திட்டம். அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். கூரையும் ஒன்றையொன்று தொட்டபடி இருந்தது. நுரை எரிந்த வேகத்தில் நெருப்பு சுவரைத் தாண்டிவிட்டது. தீயணைப்பு வீரர்களால் எங்கள் முன்பக்கச் சுவரை மட்டுமே காப்பாற்ற முடிந்தது. வாசற்கதவைத் திறந்தால் உள்ளே வானம் தெரிந்தது.

நாங்கள் ஓர் ஒற்றை அறையில் வாடகைக்குக் குடியேறியிருந்தோம். விசாரணை அதிகாரி அங்கே இரண்டாம் முறை வந்தார். இருந்த ஒரே நாற்காலியை அவருக்குக் கொடுத்துவிட்டு நான் நின்றுகொண்டேன்.

"சார், தப்பா நினைக்காதீங்க," என்று அவர் தொடங்கினார். அவரும் என்னைப் போலவே மிகவும் பணிவானவர். "வேற ஒருத்தர் செஞ்ச குத்தத்தால வீடு அழிஞ்சா எங்க பாலிசி கண்டிப்பா பணம் கொடுக்கும். கொளுத்தினது பக்கத்து வீட்டுக்காரரா இருந்தாலும் கொடுக்கும். ஆனா, கொளுத்தப் போறது உங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தா ஒரு பைசா கொடுக்காது."

"எங்களுக்கு எப்படிங்க தெரிஞ்சிருக்கும்?"

"கொளுத்தினவரே உங்களுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்திருக்காரு. நெருப்பு பிடிச்ச நேரத்துல வீட்டுல ஒருத்தர்கூட இல்ல. அவரைப் பத்திக் கேட்டா, ரொம்ப நல்ல மனுஷன்னு நீங்களே சொல்லியிருக்கீங்க."

துணி மடித்துக்கொண்டிருந்த என் மனைவி கையிலிருந்த சட்டையைத் தரையில் போட்டாள்.

"ஏம்மா, நாங்க மூணு பேரும் உள்ள கிடந்து வெந்திருந்தா சந்தேகப்படாம கொடுத்திருப்பீங்களா?"

"ஐயோ, அப்படி இல்லைங்க மேடம்."

"இவரு யாரைத்தான் நல்ல மனுஷன்னு சொல்லல? பஸ்ல ஒருத்தன் இவர் கால மிதிச்சான். இவரு அவன்கிட்ட மன்னிப்பு கேட்டுட்டு வந்து நிக்கறாரு. போயும் போயும் இவர் கொடுத்த சர்டிபிகேட்டையா எழுதி வெச்சீங்க?"

அதிகாரி எழுந்து கைகூப்பினார். "அந்த மெத்தைக்காரரே, 'இவங்களுக்கு ஒண்ணும் தெரியாது'ன்னு வாக்குமூலம் கொடுத்தா நல்லது. இல்லைன்னா, உங்களுக்குத் தெரியாதுன்னு காட்ட வேற ஏதாவது கொண்டு வாங்க சார். அடுத்த வாரம் மேனேஜர் முடிவு பண்ணிடுவாரு."

ஒன்று தெரியும் என்பதற்கு அத்தாட்சி காட்டலாம். தெரியாது என்பதற்கு எதைக் கொண்டுபோய்க் காட்டுவது? இல்லாத வீட்டுக்கு வங்கிக் கடனின் தவணை மட்டும் மாதம் தவறாமல் போய்க்கொண்டிருந்தது. இந்தப் பணமும் வராவிட்டால் அந்த முன்சுவர்தான் எங்கள் சொத்து.

வேறு வழியின்றிச் சிறைக்குப் போனேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் மெத்தைக்காரர் வந்து உட்கார்ந்தார். தலையை ஒழுங்காக வாரியிருந்தார். என்னைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு.

"வாங்கண்ணே! அண்ணி சௌக்கியமா? பாப்பா காலேஜுக்குப் போவுதா?"

"எல்லாரும் சௌக்கியம் தம்பி."

"படம் எப்படி இருந்துச்சுண்ணே?"

அந்தக் கேள்வியை அவர் விளையாட்டாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினார். நான் என்ன சொன்னேன் என்பதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. "நல்லா இருந்தது தம்பி" என்றேன்.

பிறகு வந்த விஷயத்தைச் சொன்னேன். எங்களுக்கு எதுவும் தெரியாது என்று அவர் ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்தால் போதும் என்றேன். அவர் வருத்தத்துடன் தலையை ஆட்டினார்.

"அது எப்படிண்ணே முடியும்? டிக்கெட்டைப் பத்தி நான் வாயத் திறந்தா, நெருப்பு வெச்சது நான்தான்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். வாயவே திறக்காதன்னு வக்கீல் சொல்லியிருக்காரு."

"எங்க வீடு போயிடும் தம்பி."

"வீடு போனா கட்டிக்கலாம்ணே. உசுரு போனா வருமா? நல்லா யோசிச்சுப் பாருங்க. நான் மட்டும் டிக்கெட் எடுத்துக் கொடுக்கலைன்னா இன்னிக்கு நீங்க இங்க உக்காந்து பேசிட்டு இருப்பீங்களா? மூணு உசுரக் காப்பாத்தியிருக்கேன். அதுக்கு ஒரு நன்றிகூட யாரும் சொல்லல."

நேரம் முடிந்துவிட்டதாகக் காவலர் குரல் கொடுத்தார். மெத்தைக்காரர் எழுந்துகொண்டு, ஏதோ எதிர்பார்ப்பவர் போல என்னைப் பார்த்தார். நான் எழுந்து கைகூப்பி, "நன்றி தம்பி, வரேன்" என்றேன்.

வெளியே பேருந்து நிறுத்தம் வரைக்கும் நடந்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பதே எனக்கு உறைத்தது. என் வீட்டைக் கொளுத்தியவனுக்கு நன்றி சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். நிறுத்தத்தில் இருந்த இரும்புத் தூணை ஓங்கிக் குத்தினேன். பக்கத்தில் நின்ற அம்மையார் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நகர்ந்து போனார். அவரிடம் மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன். கேட்கவில்லை. என் நினைவுக்கு எட்டியவரை நான் மன்னிப்புக் கேட்காமல் விட்டது அதுதான் முதல் முறை.

வீங்கிய கையுடன் அறைக்குள் நுழைந்தபோது, எங்கள் ஒற்றை நாற்காலியில் எங்கள் தெருவின் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை உட்கார்ந்திருந்தார்.

நான் பல்செட் செய்கிறவன். பல் மருத்துவர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள். எங்கள் வீட்டுப் பின்னறையில் வைத்துச் செய்து கொடுப்பேன். பழைய செட் உடைந்தாலோ தளர்ந்தாலோ அக்கம்பக்கத்தார் நேராகவே கொண்டுவந்து தருவதும் உண்டு. தீ வைத்த அன்று, வேலை முடிந்தும் முடியாமலும் ஒன்பது பேரின் பற்கள் அங்கே ஒரு தகர டப்பாவில் இருந்தன. அவற்றில் ஒன்று தலைமையாசிரியையுடையது.

"எங்கய்யா என் பல்லு?" என்றார் அவர். பல் இல்லாததால் வார்த்தைகளுக்கு நடுவே காற்று போய்வந்தது. அதட்டல் மட்டும் குறையவில்லை.

"டீச்சர், மன்னிக்கணும். வீடே போயிடுச்சு. கொஞ்ச நாள் நீங்க..."

"பல்லக் கடிச்சுக்கிட்டுப் பொறுத்துக்கோன்னு மட்டும் சொல்லாத. கடிக்கப் பல்லே இல்ல."

என் மகள் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள். வீடு எரிந்த பிறகு அவள் சிரித்தது அன்றுதான். ஆனால் சிறையில் நடந்ததை நான் சொல்லி முடித்தபோது அவள் முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை.

"அப்பா, அவனுக்கு நன்றியா சொன்னீங்க?" என்று மெல்லக் கேட்டாள். நான் வீங்கிய கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

தலைமையாசிரியைதான் பேசினார். "நீயும் அவனும் கூட்டுன்னா சொல்றாங்க? அட அறிவு கெட்டவங்களா! நெருப்பு வெக்கப் போறது தெரிஞ்சவன் என் பல்ல அங்கேயே விட்டுட்டா சினிமாவுக்குப் போவான்? அப்படிப் போனா நான் விட்டுடுவேனா? அந்தப் பயம் ஒண்ணு போதாது?"

என் மனைவியும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இடிபாடுகளுக்குள்ளிருந்து நான் எடுத்து வந்திருந்த அந்தத் தகர டப்பா கட்டிலுக்கு அடியில்தான் இருந்தது. உள்ளே எல்லாச் செட்டுகளும் உருகி ஒரே கரிக்கட்டியாகிவிட்டிருந்தன. பீங்கான் பற்கள் மட்டும் அதில் அங்கங்கே துருத்திக்கொண்டு நின்றன.

"இதக் காட்டினா நாம கூட்டு இல்லைன்னு தெரிஞ்சிடும்," என்றாள் மனைவி. "ஆனா வீட்டுலயே தொழில் பண்ணினதும் தெரிஞ்சிடும். பாலிசி எடுத்தப்போ சித்தப்பா என்ன எழுதினாருன்னு ஞாபகம் இருக்கா?"

நன்றாகவே இருந்தது. ஏஜெண்ட், அவளுக்குச் சித்தப்பா முறை. வீட்டில் தொழில் நடக்கிறதா என்ற கேள்வி வந்தபோது, "நாலு பல்லு செய்யறதெல்லாம் ஒரு தொழிலா மாப்ள?" என்று சிரித்துக்கொண்டே 'இல்லை' என்று எழுதிவிட்டார். உறவுக்காரர் மனம் நோகக் கூடாதே என்று நானும் கையெழுத்துப் போட்டேன்.

"ஒண்ணு, கொள்ளி வெச்சவனுக்குக் கூட்டாளின்னு பேரு. இல்லைன்னா பொய்க் கையெழுத்துப் போட்டவன்னு பேரு," என்றாள். "எது வேணும்?"

"ரெண்டாவது உண்மைதானே," என்றேன். "அத நானே போய்ச் சொல்றேன்."

காப்பீட்டு அலுவலகத்தில் குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருந்தது. மேலாளரும் விசாரணை அதிகாரியும் ஒரு கண்ணாடி மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். நானும் என் மனைவியும் தலைமையாசிரியையும் இந்தப் பக்கம் உட்கார்ந்தோம். நான் டப்பாவைத் திறந்து கரிக்கட்டியை எடுத்து மேசையின் நடுவில் வைத்தேன். கண்ணாடியில் கரி உதிர்ந்தது.

"என்ன சார் இது?" மேலாளர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

"ஒன்பது பேரோட பல்லு."

தலைமையாசிரியை முன்னால் குனிந்து வாயை அகலமாகத் திறந்து காட்டினார். "அதுல ஒண்ணு என்னுது."

"இந்த டப்பா ஒரு கைக்குள்ள அடங்கும்," என்றேன். "நெருப்பு வரப் போறது தெரிஞ்சிருந்தா, நான் கட்டில விட்டுட்டுப் போவேன், பீரோவ விட்டுட்டுப் போவேன். என்னை நம்பிக் கொடுத்த ஒன்பது பேரோட பல்ல விட்டுட்டுப் போவேனா? அவங்க எல்லாரும் இப்போ சோத்தக் கரைச்சுக் குடிச்சுக்கிட்டு இருக்காங்க. ஒவ்வொருத்தர் வீட்டு வாசல்லயும் போய் நின்னு வசவு வாங்கிட்டு வரேன். டிக்கெட்டு உங்களுக்கு அத்தாட்சின்னா, இது அத்தாட்சி இல்லையா?"

மேலாளர் கோப்பைப் புரட்டினார். நான் எதிர்பார்த்த கேள்விதான் வந்தது. "வீட்டுலயே பல்செட் செய்யறீங்களா? தொழில் எதுவும் இல்லைன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்களே சார்?"

"ஆமா, போட்டேன். உங்க ஏஜெண்ட் எழுதினாரு, நான் வாய மூடிக்கிட்டுப் போட்டேன். தப்புதான். அதுக்கு என்ன குறைக்கணுமோ குறைச்சுக்குங்க. ஆனா நெருப்பு என் பின்னறையில இருந்து வரல. அவன் கீழ்த்தளத்துல இருந்து வந்துச்சு. நான் அவனுக்குக் கூட்டுன்னு அந்தக் கோப்புல எழுதியிருக்கீங்க பாருங்க, அத என் கண்ணு முன்னாடி அடிங்க!"

"சார், கொஞ்சம் மெதுவா..." என்றார் விசாரணை அதிகாரி.

"மாட்டேன்!"

என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "எரிஞ்ச வீட்டு வாசல்ல நின்னவன்கிட்ட வந்து கேள்வி கேட்டீங்க. அவன் மரியாதையா சொன்ன வார்த்தைய அவன் கழுத்துலயே சுருக்கா மாட்டிட்டீங்க. நான் அந்த மெத்தைக்காரன நல்ல மனுஷன்னு சொன்னது தப்பு. அதையும் சேர்த்து அடிங்க. இப்போ எழுதிக்குங்க: அவன் கொள்ளி வெச்சவன். அடிக்கிற வரைக்கும் நான் இந்த நாற்காலிய விட்டு எழுந்திரிக்க மாட்டேன்."

என் மனைவி என்னைப் புது ஆள் போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலைமையாசிரியை, வகுப்பில் சரியான பதில் சொன்ன மாணவனைப் பார்ப்பது போலத் தலையசைத்தார். பின்னர் விசாரணை அதிகாரி மேலாளரிடம் தணிந்த குரலில் ஏதோ சொன்னார். மேலாளர் பேனாவை எடுத்தார்.

நான் கேட்டது கிடைத்தது. ஆனால் முழுவதும் அல்ல. கூட்டு என்ற குறிப்பை அடித்தார்கள். சொல்லாமல் விட்ட தொழிலுக்காகக் காப்பீட்டுத் தொகையில் ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டார்கள். பின்னறைக்கும் கருவிகளுக்கும் எதுவும் தரவில்லை. வருகிற பணத்தில் வீட்டை மாடியில்லாமல்தான் கட்ட முடியும். மகளின் அறை இருந்தது மாடியில். அவள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

சுவர் எழும்பத் தொடங்கிய நாட்களில் ஒரு மதியம், தலைமையாசிரியையின் புதிய மேல்செட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி ஒலித்தது. மெத்தைக்காரரின் வக்கீல்.

"வணக்கம் சார். அவர் குத்தத்த ஒத்துக்கப் போறாரு. தண்டனையக் குறைக்கச் சொல்லிக் கேக்கப் போறோம். உங்க குடும்பத்தக் காப்பாத்தணும்னுதான் டிக்கெட் எடுத்துக் கொடுத்தாருன்னு நீங்க கோர்ட்ல வந்து சொன்னா போதும். அவரை நல்ல மனுஷன்னு ஏற்கனவே சொல்லியிருக்கீங்களாமே?"

எனக்கு அந்த வாக்குமூலம் உயிராக இருந்தபோது அதைத் தர மறுத்தவர், இப்போது தனக்காக ஒரு வாக்குமூலம் என்னிடம் கேட்டு ஆள் அனுப்பியிருந்தார்.

"உள்ள ஆள் இருந்து செத்திருந்தா அது கொலைக் கேஸ் ஆயிருக்கும்," என்றேன். "அவர் வெளிய அனுப்பினது எங்கள இல்ல. அந்தக் கேஸத்தான்."

"சார், பெரிய மனசு பண்ணி..."

"அவர்கிட்ட ஒண்ணு சொல்லிடுங்க. படம் எப்படி இருந்துச்சுன்னு கேட்டாரு. நல்லா இருந்ததுன்னு சொன்னேன். அது பொய். நாங்க படத்தை முழுசா பாக்கல. பாதியிலேயே வீடு எரியுதுன்னு போன் வந்துடுச்சு."

நன்றி சொல்லாமல், வைக்கிறேன் என்றும் சொல்லாமல், தொலைபேசியை வைத்தேன். மேல்செட்டை எடுத்து மறுபடி தேய்க்கத் தொடங்கினேன்.